நட்டைக் கடைசியாகத் தொட்டவர்

சக்கரத்தைக் கழற்றி மாட்டும் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு காரின் சக்கரம் ஆடினால், அதன் நட்டைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தை வைத்தே எனக்குக் கெடுதல் செய்த முதல் ஆள் குரோம்பேட்டை பாஸ்கரன். அவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. படித்த கொஞ்சத்திலும் பாதி மறந்துவிட்டது. பாஸ்கரன் சொன்னது மட்டும் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

என் பெயர் ஏழுமலை. தாம்பரம் கேம்ப் ரோட்டில் எனக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. பஞ்சர், வீல் அலைன்மென்ட், அதோடு ஸ்பேசர் வேலை. ஸ்பேசர் என்பது வட்டமான ஒரு உலோகத் தகடு. சக்கரத்துக்கும், சக்கரம் உட்காரும் ஹப்புக்கும் நடுவில் அதை வைத்தால் சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். புதிதாக வாங்கிய அலாய் வீல் பிரேக்கில் உரசினால் வைப்பார்கள். கார் அகலமாக, முறைப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையிலும் வைப்பார்கள். ஒழுங்காக வைத்தால் ஒன்றும் ஆகாது. ஏனோதானோ என்று வைத்தால் கார் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். டயர் கடை வைத்திருக்கும் பாவிகளே, கார் வைத்திருக்கும் பாவிகளே, உங்கள் எல்லோருக்கும்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் வாழ்க்கையிலும் ஒரு பாஸ்கரன் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடை

எங்கள் பக்கத்து கார் கடைக்காரர்கள் ஞாயிறு காலையில் கூடி நிற்கும் டீக்கடை ஒன்று சானடோரியம் பக்கத்தில் இருக்கிறது. சீட் கவர் போடுபவர், ஏசி பார்ப்பவர், டிங்கர் வேலைக்காரர், எல்லோரும் வருவார்கள். பாஸ்கரனும் வருவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஆக்சஸரீஸ் கடை. அந்த டீக்கடையில்தான் எங்கள் தொழிலில் யார் கை நல்ல கை, யார் கை கெட்ட கை என்று முடிவாகும். அங்கே ஒருமுறை பெயர் கெட்டால் பிறகு பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் கெட்டதுதான்.

சிட்லபாக்கத்தில் சந்தானம் என்று ஒருவர். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காரில் முன் சக்கரங்களுக்கு ஸ்பேசர் போட்டது பாஸ்கரன் கடையில். பின் சக்கரத்தில் பஞ்சர் ஒட்டியது என் கடையில். முன் சக்கரத்தை நான் தொடவே இல்லை. அடுத்த வாரம் அந்தக் கார் போகும்போது முன் சக்கரம் ஆடி, நட்டுகள் கழன்று விழுந்து, வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. அந்த ஞாயிறு டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. பாஸ்கரன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வண்டி கடைசியா போனது தாம்பரத்துக்கு. நட்டைக் கடைசியா தொட்டவரைக் கேளுங்க."

தட்டு மேல் தட்டு

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு வழியில்லாமல் வந்தவர்கள்தான். மற்ற கடையில் மாட்டேன் என்று சொன்ன வேலைகள் என்னிடம் வந்தன. மேடவாக்கத்திலிருந்து ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் வந்தான். கார் புதுசு. சக்கரம் வெளியே பிதுங்கித் தெரிய வேண்டும் என்றான். ஒரு ஸ்பேசர் ஏற்கனவே போட்டிருந்தான். அது பத்தவில்லை, அதன் மேலேயே இன்னொன்று வை என்கிறான்.

என்னோடு நெடுநாளாக வேலை செய்பவர் அந்தோணி. எனக்குக் கொஞ்சம் இளையவர், ஆனால் வாய் மூத்தது. இரண்டாவது தகட்டையும் வைத்துச் சக்கரத்தை மாட்டி நட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். இரண்டு சுற்று சுற்றியதும் நின்றுவிட்டது. "இன்னா தம்பி, நட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சே" என்றார். தகட்டின் தடிமன் ஏற ஏற, நட்டு பிடிக்க ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் போல்ட்டில், மரை மிச்சம் இருக்காது. நட்டு நன்றாகப் பல சுற்று ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நீளமான ஸ்டட் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஸ்பேசரை விட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது எந்தக் காலத்திலும் கூடாது, இரண்டு தகடுகளும் ஒன்றின் மேல் ஒன்று நழுவும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பையனும் பொறுமையாகக் கேட்டான். தலையை ஆட்டினான். போனை எடுத்து வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தான். பிறகு கேட்டான்: "சரிண்ணா, போட்டோ எடுக்கிற வரைக்கும் மட்டும் போட்டு வுடுங்களேன்?"

எடை பார்க்க வந்த குடும்பம்

பள்ளிக்கரணையிலிருந்து ஒரு குடும்பம். கணவர் ஸ்பேசர் போட்டுக்கொண்டு போய் மூன்றாம் நாளே வந்துவிட்டார். வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் கர்ர்ர் என்று ஒரு சத்தம் என்றார். நான் காரைப் பார்த்தேன். சத்தமில்லை. ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. "ஓட்டும்போது யார் யார் சார் இருப்பாங்க?" என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார்.

நீங்களும் கவனித்திருப்பீர்கள், கடைக்குக் காரைத் தனியாகக் கொண்டு வருகிறவர்கள் ஊருக்கு மட்டும் குடும்பத்தோடுதான் போவார்கள். ஆள் ஏறினால் கார் அமுங்கும். வெளியே தள்ளி நிற்கும் டயர் மட்கார்டின் விளிம்பில் போய் உரசும். தினமும் உரசினால் டயர் பக்கவாட்டில் அறுந்து போகும். அதனால் மறுநாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய மாமியார். பின் சீட்டில் மூவரையும் ஏற்றி, டிக்கியில் என் கடையின் பழைய பேட்டரி இரண்டையும் வைத்தேன். அந்தோணி பின்னால் நின்று பம்பரை அழுத்தி அழுத்தி விட்டார். நான் தரையில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல் நுழைய இடமில்லை. "மாமி பக்கம்தாண்ணா இடிக்குது" என்று அந்தோணி கத்திவிட்டார். நான் பல்லைக் கடித்தேன். பிறகு கண்ணாடி கீழே இறங்கியது. அந்த அம்மாள் மருமகனைப் பார்த்துக் கேட்டார்: "கோயிலுக்குப் போறோம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

டீச்சரும் உள் நட்டும்

இவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி இல்லாதவன். சேலையூரில் இருக்கும் ஜெபமணி டீச்சர். மகன் வெளியூரிலிருந்து அனுப்பிய அலாய் வீலும் ஸ்பேசரும் காரில் போட வேண்டும். அந்த ஸ்பேசர் வேறு வகை. முதலில் ஸ்பேசரைக் காரில் வைத்து அதற்குத் தனியாக நட்டு போட வேண்டும். பிறகு ஸ்பேசரிலேயே இருக்கும் ஸ்டட்டில் சக்கரத்தை மாட்டி அதற்கு ஒரு வரிசை நட்டு. உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை. மாட்டி முடித்ததும், "செங்கல்பட்டு வரைக்கும் போய்த் திரும்பி வாங்க டீச்சர். ஓடின பிறகு நட்டு கொஞ்சம் இளகும், இன்னொரு தடவை பார்த்துடணும்" என்று சொன்னேன். நூறு பேரிடம் சொன்னால் ஓரிருவர்தான் வருவார்கள். உங்களிடம் சொன்னாலும் நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் வந்தார். ஸ்டூலை இழுத்துச் சக்கரத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். "உங்களைப் பத்தி ஒண்ணு கேள்விப்பட்டேன் அண்ணா. குரோம்பேட்டையில சொன்னாங்க" என்றார். "கேள்விப்பட்டுமா வந்தீங்க?" என்றேன். "அதான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார். அந்தோணி வெளி நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து, "எல்லாம் டைட்டா கீது டீச்சர், அசையல" என்றார். டீச்சர் எழுந்திருக்கவில்லை. "இது வெளியே இருக்கிறது. உள்ளே ஒரு வரிசை போட்டீங்களே, அதை யார் பார்க்கிறது?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அந்தோணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள் நட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். நான்கையும் கழற்றினோம். முன் வலது பக்கம் உள்ளே ஒரு நட்டு கொஞ்சம் அசைந்தது. முறுக்கி, மறுபடி மாட்டி, எல்லாவற்றையும் அவர் கண்ணெதிரே செய்தோம். போகும்போது நான், "என்னை நம்பாம இருந்ததுக்கு நன்றி டீச்சர்" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை உள் நட்டு பார்க்காமல் எந்த வண்டியையும் விடுவதில்லை. அவர் காரில் ஏறிக்கொண்டே சொன்னார்: "எங்க கிளாஸ்ல 'முடிச்சிட்டேன் மிஸ்'னு சொல்றவங்ககிட்டதான் முதல்ல நோட்டைக் கேட்பேன்."

மண் அடிக்கும் வண்டி

சக்கரம் மட்கார்டை விட்டு வெளியே வந்துவிட்டால் இன்னொரு தொல்லை. மழையில் டயர் வாரி அடிக்கும் சேறு எல்லாம் கதவின் மேல், பக்கத்தில் போகிறவர் மேல். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. வேளச்சேரி ரோட்டில் தண்ணீர் நின்றிருந்த ஒரு காலையில் ஒருவர் காரை நேராக என் கடைக்கு ஓட்டி வந்து நிறுத்தினார். கண்ணாடி வரைக்கும் சேறு. பின்னாலேயே ஸ்கூட்டரில் இன்னொருவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காரில் வந்தவர் தப்பித்துக்கொள்ளப் பார்த்து, "இவருதாங்க ஸ்பேசர் போட்டது" என்று என்னைக் கை காட்டினார். நான் போட்டதில்லை, வேறெங்கோ போட்டது. பழி என்றால் தாம்பரத்துக்கு என்று எல்லோரும் ஒரு பாதை கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

சட்டைக்காரருக்கு நானே ஒரு பக்கெட் தண்ணீர் கொடுத்தேன். காரில் வந்தவரின் ஸ்பேசரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு சட்டைக்காரர் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எந்தக் கோபமும் இல்லாமல் கேட்டார்: "இதால யாருக்கு சார் என்ன கிடைச்சுது, எனக்குச் சேறு கிடைச்சதைத் தவிர?"

சந்தானம் சாருக்கு இரண்டு கடை

டீக்கடைப் பேச்சுக்குக் காரணமான அதே சந்தானம் சார் ஒருநாள் என் கடைக்கு வந்தார். "அந்தச் சனியனே வேணாம், கழட்டிப் போடுங்க" என்றார். நட்டு கழன்ற பிறகும் அந்த ஸ்பேசரோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார், புது நட்டு மட்டும் போட்டு. நான் அந்த முன் சக்கரத்தை முதன்முறையாகக் கழற்றினேன். தகட்டை எடுத்தால் ஹப் முழுக்கத் துரு. பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்தது. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே தகட்டை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். வண்டி ஓட ஓடத் துரு நொறுங்கும், நொறுங்கின அளவுக்கு இடம் விழும், நட்டு இளகும். அதோடு தகட்டின் நடு ஓட்டை பெரியது, ஹப்பின் கழுத்தில் உட்காரவே இல்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சந்தானம் சாரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். நான் கம்பி பிரஷ்ஷை வைத்து அந்தத் துருவைப் பளபளவென்று ஆகும் வரை தேய்த்தேன். வேலைக்காகவும் தேய்த்தேன், கோபத்திலும் தேய்த்தேன். "நான் பொண்ணு பார்க்கப் போனப்போகூட இவ்வளவு நேரம் குனிஞ்சு பார்க்கல, ஏழுமலை" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "சார், இது என் வேலை இல்லைன்னு இப்ப தெரியுதா?" என்றேன். "எனக்கு அப்பவே தெரியும்பா. நீங்க பின் சக்கரம்தான் பார்த்தீங்க" என்றார். "அப்ப ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை அந்த டீக்கடைக்கு வந்து இதைச் சொல்லுங்களேன்" என்று கேட்டேன். சந்தானம் சார் நிழலில் நகர்ந்து நின்று, மெதுவாகச் சொன்னார்: "சீட் கவர், ஹாரன் எல்லாத்துக்கும் பாஸ்கரன்கிட்டதான்ப்பா போறேன். இந்த வயசுல எனக்கு ரெண்டு கடையும் வேணும்."

அந்தோணி சொன்ன அளவு

அந்தோணிக்கு ஏர் கன் மேல் ஒரு காதல். அதை நட்டில் வைத்து டர்ர்ர் என்று விட்டால் ஒரு நொடியில் வேலை முடியும். கழற்றுவதற்கு வைத்துக்கொள், முறுக்குவதற்கு வேண்டாம் என்று நான் சொல்வேன். ஏர் கன்னில் எவ்வளவு முறுக்கினோம் என்று தெரியாது. அதிகமாக முறுக்கினால் ஸ்டட் இழுபட்டு ஒருநாள் ஒடியும். குறைந்தால் கழலும். ஸ்பேசர் போட்ட வண்டியில் கையால் ஏற்றி, எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி, கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். அந்தந்தக் காருக்கு எவ்வளவோ அவ்வளவு வைத்தால், அளவு வந்ததும் அதுவே டக் என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு நூல்கூட இழுக்கக் கூடாது.

ஒருநாள் மதியம் கடையில் வேலை இல்லை. நான் வழக்கம்போல பாஸ்கரனைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் சொன்னது, அன்றைக்கு யார் யார் நின்றது, யார் சிரித்தது, யார் டீயை ஊதுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டது. அந்தோணி சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அவர் வீட்டு வாசலுக்கா வரச் சொல்றேன்? அதே இடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, 'ஏழுமலை மேல தப்பில்ல'ன்னு சொன்னா போதும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்றேன். அந்தோணி டப்பாவை உதறினார். "இன்னாண்ணா நீ. நட்டையே அளவு வந்தா வுட்டுடுன்ற. அந்தாளு மேல கோவத்த மட்டும் டக்குனு சத்தம் வந்தப்புறமும் முறுக்கிக்கினே கீறியே!"

பாஸ்கரன் மகளின் கார்

போன மாதம் ஒரு சிவப்பு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியவர் பாஸ்கரன். அந்தோணி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாஸ்கரன் என் டயர் அடுக்கைப் பார்த்தார், காம்பிரசரைப் பார்த்தார், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். "பொண்ணு நித்யா. புது வீல் பிரேக்ல உரசுது. ஸ்பேசர் வைக்கணும். நம்ம கடையில ஆள் லீவு" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு வெளியே போய் போன் பேச ஆரம்பித்தார்.

அவர் தள்ளிப் போனதும் அந்தப் பெண் சிரித்தாள். "ஆள் லீவெல்லாம் இல்ல அங்கிள். நாளன்னைக்கு நானும் குழந்தையும் திருச்சிக்குப் போறோம். நம்ம கடையிலயே போட்டுக்கிறேன்னு சொன்னேன், அப்பா ஒரே கத்து. நட்டு விஷயத்துல ஏழுமலையைத் தவிர யாரையும் நம்பமாட்டேன்னுட்டார்." வீட்டுக்குள் சொல்லியிருக்கிறார்! மகளிடம், ஒருவேளை மனைவியிடமும், சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே மட்டும் சொல்லவில்லை.

அந்தோணி காதோரமாக, "திருப்பி அனுப்பிடுண்ணா. நாளைக்கு இன்னாவாச்சும் ஆச்சின்னா மறுபடியும் நம்ம தலைலதான் கட்டுவாரு" என்றார். அது நியாயமான பயம்தான். இந்தச் சக்கரம் ஆடினால் என் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் கோபம் அப்பன் மேல். பின் சீட்டில் குழந்தைக்கான சிறிய சீட் கட்டியிருந்தது, அதில் ஒரு பிஸ்கட் துண்டு கிடந்தது. வண்டியை ஜாக்கியில் ஏற்றச் சொன்னேன்.

உரசாமல் இருக்க எவ்வளவு மெல்லிய தகடு போதுமோ அவ்வளவுதான் எடுத்தேன். நடு ஓட்டை அந்தக் காரின் ஹப்புக்குச் சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பார்த்தேன். ஹப்பைத் தேய்த்தேன். ஸ்டட்டை நீளமானதாக மாற்றினேன். புது வீலுக்குப் பழைய நட்டு பொருந்துமா என்று அதன் அடிப்பக்கச் சரிவைப் பார்த்தேன். பொருந்தவில்லை, அலாய் வீலுக்கான நட்டாக மாற்றினேன். கையால் ஏற்றி, எதிரும் புதிருமாக முறுக்கி, டார்க் ரெஞ்ச் வைத்து முடித்தேன். பிரேக் உரசவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். "திருச்சிக்கு முன்னாடி செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டிட்டு வாம்மா. ஓடாத வண்டியில நட்டு பொய் சொல்லும்" என்றேன். மறுநாள் அவள் ஓட்டிவிட்டு வந்தாள். எந்த நட்டும் அசையவில்லை. திருச்சி போய்ச் சேர்ந்ததும் போன் செய்து சொன்னாள். நான் அன்று இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு சானடோரியம் டீக்கடைக்குப் போனேன். நான் அங்கே போவதை எப்போதும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். சீட் கவர்காரர் இருந்தார், ஏசிக்காரர் இருந்தார், டிங்கர் வேலைக்காரர் இருந்தார். அன்று நின்ற அதே ஆட்கள். பாஸ்கரன் வந்தார். நேராக என் பக்கத்தில் வந்து நின்றார். "நித்யா நல்லபடியா போய்ச் சேர்ந்தா" என்றார். "சொன்னா" என்றேன். எல்லோரும் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். இதைவிட நல்ல நேரம் இனி அவருக்கும் வாய்க்காது, எனக்கும் வாய்க்காது. பாஸ்கரன் தொண்டையைச் செருமினார். டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நல்ல உரத்த குரலில் சொன்னார்: "நம்ம ஏழுமலை அண்ணனுக்குச் சர்க்கரை கம்மியா ஒரு டீ!"

அந்த டீயை நான் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். சொல்ல வேண்டியதைத்தான் அவர் இன்னும் மிச்சம் வைத்திருக்கிறார்.